புதிதாகக் கட்டும் கிராமத்து வீடு பழைய வீடு மாதிரி வர என்ன செய்ய வேண்டும்? (பொன்னேரி பக்கம்)

காலடிப்பேட்டை வாசி

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் இருக்கிறோம். பொன்னேரி தாண்டி மெதூர் பக்கம் அம்மா வழியில் வந்த கொஞ்சம் நிலம் இருக்கிறது, அதில் ஒரு வீடு கட்டப் போகிறோம். சனி ஞாயிறு போய் வருகிற பண்ணை வீடு இல்லை. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவரும் அம்மாவும் அங்கேயே இருக்கப் போகிறார்கள், மாடு வளர்ப்பார்கள், நெல்லும் உளுந்தும் வந்தால் வீட்டில்தான் காய வைத்து எடுத்து வைப்பார்கள். தாத்தாவின் ஓட்டு வீடு அங்கேதான் இருந்தது. 2015 மழையில் பின்சுவர் சரிந்து, அப்புறம் இடிக்க வேண்டியதாகிவிட்டது. வாசக்கால், நான்கு தேக்குத் தூண், இரண்டு உத்திரம் மட்டும் எடுத்து வைத்திருக்கிறோம்.

ஒரு கட்டுமானக்காரரிடம் பேசினோம். "பழைய ஸ்டைல் ஃபார்ம் ஹவுஸ்" என்று வரைபடம் கொடுத்தார். உள்ளே வழக்கமான கான்கிரீட் வீடு, பத்தடி உயரம், முன்னால் செட்டிநாட்டுத் தூண் நான்கு, சாய்வாக ஒரு கான்கிரீட் தளம் போட்டு மேலே ஓடு ஒட்டுவது, சுவரில் செங்கல் மாதிரி டைல்ஸ். அம்மா பார்த்துவிட்டு "கல்யாண மண்டப வாசல் மாதிரி இருக்கு, இதுல எங்க உக்காந்து கீரை ஆயறது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். பழைய வீட்டில் இருக்கிற அந்தக் குணம் எதில் இருக்கிறது? எதை விட்டால் போய்விடும், எதை விட்டாலும் போகாது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மணலி மேஸ்திரி மகன்

தம்பி, உங்கள் அம்மா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. எங்கப்பா காலத்திலிருந்து இந்த வேலைதான், அதனால் நேராகவே சொல்கிறேன். தூணும் ஓடும் கடைசியில் வருகிற சமாச்சாரம். முதலில் சுவர் கனம், கூரை உயரம், இறவாணம், அதாவது கூரையின் கீழ் ஓரம், எவ்வளவு வெளியே நீட்டுகிறது, திண்ணை எவ்வளவு அகலம், இந்த நான்கையும் பாருங்கள். இவை சரியாக இருந்தால் ஒரு தூண்கூட இல்லாமல் வீடு பழைய வீடாக நிற்கும்.

ஒன்பது அங்குலச் சுவரில் ஜன்னல் வைத்தால் உள்ளே உட்கார இடம் வராது. பதிமூன்றரை அங்குலம் வைத்தால் ஜன்னல் மேடையில் சொம்பு வைக்கலாம், குழந்தை ஏறி உட்காரும், வெயிலும் உள்ளே வரத் தாமதமாகும். செலவு ஏறும், உண்மைதான். ஆனால் எல்லாச் சுவரும் அப்படி வேண்டியதில்லை. மேற்குச் சுவரும் தெற்குச் சுவரும் கனமாக வைத்துவிட்டு உள் சுவர்களை ஒன்பதில் முடித்துக்கொள்ளலாம்.

இறவாணம் தாழ வர வேண்டும். முகடு பதினான்கு அடி இருக்கலாம், ஆனால் திண்ணைப் பக்கம் இறங்கும்போது ஆறரை அடிக்கு வந்துவிட வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் வீடு குனிந்து நிற்பது போலத் தெரிவதும் உள்ளே போனதும் உயரமாகத் தெரிவதும் இதனால்தான். இன்றைய வரைபடத்தில் எல்லாம் ஒரே மட்டத்தில் பத்தடி, அப்புறம் எத்தனை தூண் வைத்தாலும் ஆகாது. திண்ணை அகலம் குறைந்தது மூன்றரை அடி, உயரம் ஒன்றரை அடி. மனிதன் மத்தியானம் கால் நீட்டிப் படுக்க முடியாத திண்ணையைக் கட்டவே கட்டாதீர்கள்.

சைட் இன்ஜினியர் மாதவரம்

மேஸ்திரி அண்ணன் சொன்னது எல்லாம் சரி, ஆனால் அதற்கு முன்னால் மண். பொன்னேரி பக்கத்து வயல்களில் களிமண் நிறைய உண்டு. மழையில் ஊதும், வெயிலில் சுருங்கி வெடிக்கும். அந்த மண்ணின் மேல் கனமான செங்கல் சுவரை மட்டும் நம்பி எழுப்பினால் இரண்டு கோடைக்குள் மூலைக்கு மூலை விரிசல் வரும். மண் பரிசோதனை செய்யாமல் கடக்கால் தோண்டாதீர்கள். களி ஆழமாக இருந்தால் அடியில் குமிழ் விட்ட பைல், அதுதான் அண்டர் ரீம் பைல், போட்டு, மேலே சுற்றிலும் பெல்ட் கான்கிரீட் ஓட்டிவிட்டு அதற்கு மேல் உங்கள் பழைய முறைச் சுவரைக் கட்டுங்கள். பூமிக்குள் இருப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை, அங்கே புதுமுறைதான் நல்லது.

அடுத்தது பேஸ்மென்ட் உயரம். 2015-இலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் உங்கள் நிலத்தில் தண்ணீர் எவ்வளவு நின்றது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், சுவரில் கறை இருந்தால் அளந்து கொள்ளுங்கள். ஆரணி ஆறு உடைத்துக்கொண்டால் மெதூர், பழவேற்காடு சாலை எல்லாம் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கறைக்கு மேல் ஒன்றரை அடியாவது தரை இருக்கட்டும். தாத்தா வீடுகளுக்கு ஏன் அத்தனை படி என்று இப்போது புரிகிறதல்லவா?

மூன்றாவது, தண்ணீர். மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறியது பல பத்து வருடக் கதை. உங்கள் போர் தண்ணீரைச் சோதிக்காமல் கலவைக்குப் பயன்படுத்த வேண்டாம். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கணக்குப்படி கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கம்பி துருப்பிடித்து ஊதி, கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கடலோரத்தில் பத்துப் பதினைந்து வருடத்தில் சன்ஷேடு பெயர்ந்து விழுகிற வீடுகளுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ராயபுரம் அக்கா

நான் பிறந்து வளர்ந்தது ராயபுரத்தில் மெட்ராஸ் டெரஸ் போட்ட வீட்டில், இன்னும் அதில்தான் இருக்கிறேன். அதனால் ஒன்று சொல்ல ஆசை. பழைய வீடு என்றாலே எல்லாரும் ஓடு என்கிறார்கள். நம்ம ஊரில் பாதி வீடு அப்படி இல்லை. மரக்கட்டைகளை வரிசையாக வைத்து, அதன்மேல் சின்னச் செங்கலைக் குத்தாக, மூலைவாட்டில் சுண்ணாம்பு வைத்து அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அடிப்பது. அதற்கு மேல் தட்டோடு. நூறு வருடம் தாண்டியும் எங்கள் கூடத்தின் மேல் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகுவது, பிற்பாடு சிமெண்டு பூசிய இடத்தில்தான்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஜார்ஜ் டவுன், வண்ணாரப்பேட்டை, கிராமத்துப் பெரிய வீடுகள் எல்லாவற்றிலும் நடுவில் மச்சு என்கிற தட்டைத் தளம், முன்னும் பின்னும் ஓட்டுச் சார்ப்பு என்று கலந்து கட்டியது நிறைய இருக்கிறது. ஆகவே, தம்பி, உங்கள் வீட்டில் ஒரு பாகம் தட்டையான தளமாக இருந்தால் அதனால் லட்சணம் கெட்டுவிடும் என்று நினைக்க வேண்டாம். நெல் காய வைக்க, வற்றல் போட, வெயில் காலத்தில் இரவு படுக்க மொட்டை மாடி வேண்டும். அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

காலடிப்பேட்டை வாசி

அக்கா, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். வற்றல் போடும் இடத்தைச் சொன்னதும் முகமே மாறிவிட்டது. தாத்தா வீட்டிலும் நெல் குதிர் இருந்த அறைக்கு மேல் மட்டும் தளம் இருந்ததாம், மீதி எல்லாம் ஓடு. எனக்கு அது நினைவே இல்லை.

மண் பரிசோதனைக்குச் சொல்லிவிட்டேன், மாதவரம் சார். தண்ணீர்க் கறை பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில் தெளிவாகத் தெரிகிறது, சாலை மட்டத்துக்கு மேல் இரண்டடி.

சுண்ணாம்பா சிமெண்டா என்று மட்டும் யாராவது விளக்குங்கள். கட்டுமானக்காரர் "சுண்ணாம்பெல்லாம் இப்ப யாரும் பண்றதில்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மீஞ்சூர் கிளிஞ்சல்

பண்ணுகிறார்கள், நான் பண்ணியிருக்கிறேன். பழவேற்காடு ஏரியில் கிளிஞ்சல் அள்ளிச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்த காலம் ஒன்று இருந்தது, நம் பக்கத்துப் பழைய வீடுகள் அதில்தான் நின்றன. உப்புக் காற்றும் ஈரமும் உள்ள இடத்தில் சுண்ணாம்பின் பெரிய பலம், சுவருக்குள் ஏறுகிற ஈரம் பூச்சு வழியாக வெளியே போய்விடும். சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைக்கும். ஈரம் உள்ளேயே நின்று உப்புப் பூத்து, பூச்சைப் பொருக்குப் பொருக்காகத் தள்ளும். திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளில் தரையிலிருந்து மூன்றடிக்குப் பெயிண்ட் நிற்காமல் உரிவதைப் பார்த்திருப்பீர்களே.

ஆனால் சுண்ணாம்புக்குப் பொறுமை வேண்டும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் நீற்றி, வாரக்கணக்கில் ஊறவிட்டு, மணலோடு செக்கில் அரைக்க வேண்டும். கடுக்காய்த் தண்ணீரும் பனைவெல்லமும் சேர்ப்பது இதில்தான். காற்றில் இருக்கிற கரியமில வாயுவை மெல்ல மெல்ல இழுத்துத்தான் அது மறுபடியும் கல்லாக இறுகுகிறது, அதனால் ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் காய விட வேண்டும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் வெளிப்பூச்சுக்குக் கை வைக்கவே கூடாது. தை மாதம் ஆரம்பித்தால் நல்லது.

எல்லா இடத்துக்கும் சுண்ணாம்பு என்று பிடிவாதமும் வேண்டாம். கடக்கால், பெல்ட், குளியலறைக்குச் சிமெண்டு. தரைக்கு மேலே சுவர்க் கட்டுமானமும் பூச்சும் சுண்ணாம்பு. ஒரே சுவரில் உள்ளே சுண்ணாம்பு, வெளியே சிமெண்டு என்று மட்டும் செய்துவிடாதீர்கள். அப்படிச் செய்த சுவரில் ஈரம் வெளியே போக வழியில்லாமல் மொத்தமும் உள்பக்கம் திரும்பும்.

தண்டையார்பேட்டை ரமணி

எல்லாரும் ஆசையாகப் பேசுகிறீர்கள், எனக்கு ஓட்டுக் கூரை என்றால் பயம்தான். 2016 டிசம்பர் 12, வர்தா அடித்த அன்று என் மாமியார் வீட்டு ஓடு பாதிக்கு மேல் பறந்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு உயிர் பிழைத்தார்கள். வயதானவர்கள் தனியாக இருக்கப் போகிற வீடு. லட்சணம் முக்கியமா, பாதுகாப்பு முக்கியமா? கான்கிரீட் தளமே போடுங்கள் என்பதுதான் என் கருத்து, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மணலி மேஸ்திரி மகன்

அம்மா, கோபம் எதற்கு, நீங்கள் சொல்வது நடந்த விஷயம். வர்தாவுக்கு அப்புறம் ஓடு மாற்றவே எனக்கு மாதக்கணக்கில் வேலை இருந்தது, அப்போது பார்த்ததைச் சொல்கிறேன். பறந்த ஓடுகள் பெரும்பாலும் இறவாணத்து ஓரத்திலும் முகட்டிலும் இருந்தவை. ஓரத்தில் ஒன்று கிளம்பினால் காற்று உள்ளே புகுந்து வரிசையாகத் தூக்கிவிடுகிறது. சீமை ஓட்டின், அதாவது மங்களூர் ஓட்டின், அடியில் கம்பி கட்ட ஒரு காது இருக்கும், அதில் கம்பி விட்டு ஓடு உட்காரும் சட்டமான ரீப்பரோடு கட்ட வேண்டும். ஓரத்து இரண்டு வரிசை, முகட்டுப் பக்கத்து இரண்டு வரிசை, பக்கவாட்டு ஓரம் எல்லாம் கட்டாயம். முகட்டு ஓட்டைக் கலவையில் பதிக்க வேண்டும். கூரையின் சாய்வு மரமான கைமரத்தையும் சும்மா சுவர்மேல் உட்கார வைக்காமல் சுவருக்குள் இறக்கிய இரும்புப் பட்டையால் பிடித்துக் கட்ட வேண்டும். இவற்றைச் செய்த வீடுகளில் நாலைந்து ஓடு உடைந்ததோடு சரி.

சரிவையும் குறைக்கக் கூடாது. ஆறடி தூரத்துக்கு மூன்றடியாவது ஏற்றம் வேண்டும். அழகுக்காகப் படுக்கையாகப் போட்டால் சாரல் மழையில் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் ஏறிக்கொள்ளும்.

இன்னொன்று, ஓட்டை வாங்கி அளந்துவிட்டு அப்புறம்தான் ரீப்பர் அடிக்க வேண்டும். ஒரு கம்பெனி ஓடு இன்னொன்றோடு கோர்க்காது. 1865-இல் மங்களூரில் பாசல் மிஷன்காரர்கள் ஆரம்பித்த தொழில், அப்புறம் ஏகப்பட்ட கம்பெனி வந்துவிட்டது, ஒவ்வொருவர் அச்சும் கொஞ்சம் வித்தியாசம். நூறு சதுர அடிக்கு 140 முதல் 150 ஓடு பிடிக்கும். உடைசலுக்கு நூறு இருநூறு கூடவே வாங்கிக் கொல்லையில் அடுக்கி வையுங்கள், பத்து வருடம் கழித்து அதே ஓடு கிடைக்காது.

ராயபுரம் அக்கா

ரமணி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதனால்தான் நடுவில் மச்சு வையுங்கள் என்றேன். அம்மா அப்பா படுக்கிற அறை, நெல் வைக்கிற அறை, இரண்டும் கான்கிரீட் தளம். புயல் எச்சரிக்கை வந்தால் அங்கே போய்விடலாம். அதைச் சுற்றி முன் திண்ணை, கூடம், பின் தாழ்வாரம் எல்லாம் ஓடு. கூரை சரிவு தளத்தின் கைப்பிடிச் சுவரில் போய் முட்டுகிற இடத்தில் மட்டும் தண்ணீர் இறங்காமல் நன்றாக மூடிவிட வேண்டும், எந்த வீட்டிலும் ஒழுகுகிற இடம் அதுதான்.

கொருக்குப்பேட்டை ஆர்க்கி மாணவி

கான்கிரீட் தளத்திலேயே ஒரு வழி இருக்கிறது. லாரி பேக்கர் என்ற கட்டடக்கலைஞர் கேரளத்தில் நிறையச் செய்தது: தளத்தின் கீழ்ப்பாதியில் கான்கிரீட்டுக்குப் பெரிதாக வேலை இல்லை, அந்த இடத்தில் மங்களூர் ஓட்டை ஜோடி ஜோடியாக வைத்துக் கம்பிகளுக்கு நடுவில் நிரப்பிவிடுவது, ஃபில்லர் ஸ்லாப் என்பார்கள். கான்கிரீட் குறையும், ஓட்டுக்குள் இருக்கிற காற்று சூட்டைத் தடுக்கும், கீழேயிருந்து பார்த்தால் ஓடு வரிசையாகத் தெரியும், பூச வேண்டியதே இல்லை. அவருடைய எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கலைக் குத்தாக வைத்து நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டினால் செங்கல் நான்கில் ஒரு பங்கு மிச்சமாகும், மேற்குச் சுவருக்கு அதையும் யோசிக்கலாம்.

முட்டுக்காட்டில் தட்சிணசித்ராவுக்குக் குடும்பத்தோடு ஒரு நாள் போய் வாருங்கள். 1996-இல் திறந்தது, தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து அங்கே மறுபடி எழுப்பி வைத்திருக்கிறார்கள். கையில் டேப் எடுத்துப் போங்கள். தூணின் செதுக்கலை எல்லாரும் படம் பிடிப்பார்கள், நீங்கள் திண்ணை அகலம், நிலை உயரம், முற்றத்துக்கும் தாழ்வாரத்துக்கும் உள்ள மட்ட வித்தியாசம் இதையெல்லாம் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

காலடிப்பேட்டை வாசி

முற்றம் பற்றியே யாரும் பேசவில்லையே? அம்மாவுக்கு முற்றம் வேண்டும். அப்பா கொசுவும் திருடனும் வருவார்கள் என்கிறார்.

மீஞ்சூர் கிளிஞ்சல்

முற்றம் இல்லாவிட்டால் நடுவீடு இருட்டாகிவிடும், பகலிலும் விளக்குப் போட வேண்டும். வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் சின்னதாக. பத்துக்குப் பத்து போதும். மேலே இரும்புக் கம்பி வலை அடித்தால் திருட்டுப் பயம் இல்லை. கொசுவுக்குக் காரணம் முற்றம் இல்லை, தேங்குகிற தண்ணீர். வடிகாலைப் பெரிய குழாயாக, நல்ல வாட்டத்தோடு, இலை அடைக்காத மாதிரி வையுங்கள். நான்கு பக்கக் கூரையின் தண்ணீரும் அங்கே விழும், வடகிழக்குப் பருவமழையில் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு கொட்டும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததைத் தொட்டிக்குத் திருப்புங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-இலிருந்து நம் மாநிலத்தில் கட்டாயம், அது ஒரு பக்கம். போர் தண்ணீர் உப்பாக இருக்கிற ஊரில் குடிக்கவும் சமைக்கவும் அந்தத் தொட்டிதான் கைகொடுக்கும்.

முற்றத்துத் தரையைத் தாழ்வாரத்தைவிட ஒன்றேகால் அடி இறக்குங்கள். உட்கார்ந்து கால் தொங்கப் போடும் உயரம், உங்கள் அம்மா கீரை ஆய வேண்டிய இடமும் அதுதான்.

பத்திர எழுத்தர் பையன்

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். யாரும் கேட்காததைக் கேட்கிறேன்: நிலம் நஞ்சையா புஞ்சையா? வேளாண் நிலமாக வகைப்படுத்தியிருந்தால் நிலப் பயன்பாட்டு மாற்றத்துக்கு அனுமதி வாங்கி, அப்புறம் கட்டட அனுமதி. பட்டா அம்மா பெயருக்கு மாறியிருக்கிறதா, புல வரைபடத்தில் வாய்க்கால் எதுவும் குறுக்கே போகிறதா என்று பாருங்கள். பழவேற்காடு பக்கம் நெருங்க நெருங்கக் கடலோர ஒழுங்குமுறை மண்டலமும் பறவைகள் சரணாலயமும் வரும், சர்வே எண்ணைச் சொல்லி எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும்: செங்குன்றம் ஏரி நீர்ப்பிடிப்புப் பகுதியில் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு இருக்கிறது, விலை குறைவு என்று அங்கே வாங்கிவிட்டுத் திண்டாடாதீர்கள்.

கைமரத்துக்குப் பனை போடுகிறேன் என்று நிலத்தில் நிற்கிற பனையில் கை வைக்க வேண்டாம். பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்துவிட்டார்கள்.

சைட் இன்ஜினியர் மாதவரம்

மரம் பற்றி ஒரு வார்த்தை. வால்டாக்ஸ் சாலைப் பக்கம் விசாரித்தால் இடித்த வீட்டுத் தேக்கு கிடைக்கும். நன்றாக உலர்ந்து முடிந்த மரம், இனி முறுக்காது, அந்த வகையில் புது மரத்தைவிட நல்லது. ஆனால் இரண்டு நுனியையும் பாருங்கள். சுவருக்குள் இருந்த பாகத்தில்தான் கரையான் அரித்திருக்கும், வெளியே வழவழவென்று இருக்கும். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும், பொதபொதவென்று கேட்டால் விட்டுவிடுங்கள். வாங்கியதும் ஆணி முழுவதையும் பிடுங்கிவிட்டுத்தான் அறுக்கக் கொடுக்க வேண்டும்.

உங்கள் தாத்தா வீட்டுத் தூண்களை முன்வாசலில் காட்சிக்கு வைக்காதீர்கள் என்பது என் ஆசை. முற்றத்தைச் சுற்றி, கூரையை உண்மையிலேயே தாங்குகிற இடத்தில் வையுங்கள். பாரம் தாங்காத தூண் எங்கே வைத்தாலும் ஒட்டாது.

ராயபுரம் அக்கா

பணம் மிஞ்சினால் முன்பக்கத்தில் கொட்டாமல் பின் தாழ்வாரத்தைப் பெரிதாக்குங்கள், தம்பி. எட்டடி அகலம் வேண்டும். அம்மி, ஆட்டுக்கல், விறகு அடுப்பு ஒன்று, பாத்திரம் கழுவும் கல்தொட்டி, தேங்காய் உரிக்கும் இடம், எல்லாம் அங்கேதான். கிராமத்தில் பெண்களுக்குப் பகல் முழுவதும் அந்தப் பின்பக்கத்தில்தான் போகிறது, வரைபடம் போடுகிற ஆண்கள் யாரும் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, எனக்கு இதில் நிஜமாகவே வருத்தம் உண்டு. தொழுவத்தை வடமேற்கில் தள்ளி வைத்தால் மத்தியானக் கடற்காற்று வாடையை வீட்டுக்கு எதிர்ப்பக்கம் கொண்டுபோய்விடும்.

காலடிப்பேட்டை வாசி

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் உட்கார்ந்து பேசி இப்படி முடிவு செய்திருக்கிறோம். அந்தக் கட்டுமானக்காரரின் வரைபடம் வேண்டாம். பைல், பெல்ட் கான்கிரீட், சாலையிலிருந்து மூன்றரை அடி பேஸ்மென்ட். நடுவில் இரண்டு அறைக்கு ஃபில்லர் ஸ்லாப், மாடியில் தட்டோடு, ஏறப் பின்பக்கம் படி. மீதி ஓடு. மேற்கும் தெற்கும் பதிமூன்றரை அங்குலச் சுவர். முற்றம் பத்துக்குப் பத்து, தாத்தாவின் நான்கு தூணும் அதன் நான்கு மூலைக்கு. முன்திண்ணைக்கு ஆசாரியிடம் வேப்பந்தூண் கேட்டிருக்கிறோம், செதுக்கல் எதுவும் இல்லாமல். தரைக்கு ஆத்தங்குடி கல் கூடத்தில் மட்டும், மற்ற இடத்தில் சிவப்பு ரெட் ஆக்சைடு, தாழ்வாரங்களில் கடப்பா கல். பின் தாழ்வாரம் ஒன்பதடி, அம்மா ஒரு அடி கூட்டிவிட்டார்.

நிலம் புஞ்சைதான், அனுமதிக்கு மனு போட்டாயிற்று. சுண்ணாம்பு வேலைக்கு ஆள் மட்டும் அமையவில்லை. யாருக்காவது தெரியுமா?

மீஞ்சூர் கிளிஞ்சல்

பழைய கோயில் திருப்பணியில் வேலை பார்த்த கொத்தனார்களைத் தேடுங்கள், அவர்களுக்கு அரைக்கிற பதம் கைவசம் இருக்கும். காரைக்குடிப் பக்கத்திலிருந்தும் குழுவாக வருவார்கள், தங்க இடமும் சாப்பாடும் கொடுக்க வேண்டும். வேலையைப் பேசுவதற்கு முன் மூன்றடிக்கு மூன்றடி ஒரு மாதிரிப் பூச்சு போடச் சொல்லி, ஒரு மாதம் காயவிட்டுப் பாருங்கள். மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விட்டால் கலவையில் மணல் பதம் சரியில்லை என்று அர்த்தம். எனக்கு வேலை செய்தவர் இப்போது ஊத்துக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டில் இருக்கிறார், அவரிடம் கேட்டுவிட்டு நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். சுண்ணாம்பு நீற்றும் குழியை மட்டும் இப்போதே வெட்டிவிடுங்கள், அது ஊறத்தான் நாளாகும்.